பட்டத்தின் பெயரும் பாடத்தின் பொருளும்

சென்ற திங்கள் ஹுன்னஸ்கிரியவிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி தந்தையாருடன் என் இல்லம் வந்தாள். பேராதனைப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்குத் தெரிவாகியிருக்கும் அவளுக்குப் பொருளியல் பயில விருப்பம். ஆயின் அங்கே கிடைப்பது கலைமாணிப் பட்டம். "விஞ்ஞானமாணி என்றால்தானே, ஐயா, மதிப்பு?" என்றார் தந்தையார். கொழும்பிலே கட்டணம் செலுத்தி இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானமாணிப் பட்டத்துக்குப் படிக்கலாம். அதற்காக மனைவியின் நகைகளை அடகு வைக்கவும் அத்தோட்டத் தொழிலாளி துணிந்துவிட்டார்.

தமிழ்ப் பண்டிதனுக்குப் பொருளியலில் என்ன வேலை எனச் சிலர் வினவலாம். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆராய்வதே என் தொழில். இங்குள்ள சிக்கலும் அதுவே.

இலண்டன் பல்கலைக்கழகம் 1901 இல் பொருளியலுக்கு விஞ்ஞானமாணி என்று பெயரிட்டது. 1903 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அதே துறைக்குத் தனித் தேர்வு வகுத்தபோது கலைமாணி என்றே வழங்கியது. அதனை வகுக்க முன்னின்ற அல்பிரட் மார்ஷலோ கணிதத்திலே பெரும்புலமை எய்தியவர். அவர் தம் பெருநூலிலே கணிதத்தை இறுதிப் பின்னிணைப்பில் ஒதுக்கி, கருத்தைத் தெளிந்த உரைநடையிலே எழுதினார். இன்றும் டில்லிப் பல்கலைக்கழகத்திலே பொருளியற் சிறப்புப் பட்டம் கலைமாணியே. ஆயினும் பள்ளியிற் கணிதம் கற்றோர்க்கே அங்கு இடமுண்டு. ஆகவே பெயர் மரபு பற்றியது. தரம் பாடத்திட்டம் பற்றியது.

கணிதத்திலே இயல்பான நாட்டமும் செலவுக்கு வழியும் உடையோர் விஞ்ஞானமாணியை நாடுவதில் தவறில்லை. மேற்படிப்புக்குக் கணிதம் இன்றியமையாதது என்பதையும் மறுக்கேன். ஆனால் பேராதனையிலே பொருளியலும் புள்ளிவிபரவியலும் கலைப்பீடத்தின் ஒரே துறையில் அமைந்துள்ளன. வாயில் அங்கும் திறந்தே இருக்கின்றது.

எண் மட்டும் போதுமா? தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம் 2021 இல் ஆயிரம் ரூபாவாயிற்று. மறு ஆண்டு செப்டெம்பரிலே பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. அவ்வீதத்தைக் கணிக்க எண் வேண்டும். அது லயத்து அடுப்பங்கரையிலே எவ்வேளை உணவைக் குறைத்தது என்று கேட்டறியவும் எடுத்துரைக்கவும் எழுத்து வேண்டும். இரண்டையும் கண்களெனப் போற்றிய மரபு நம்முடையது.

"பேராதனைக்கே போ, ஆனால் கணிதத்தையும் புள்ளிவிபரவியலையும் விடாதே" என்றேன். நகைக்கு வந்த ஆபத்து நீங்கியதென்று தந்தையார் பெருமூச்செறிந்தார். மகளின் முகமோ வாடிற்று. கணிதத்துக்கு அஞ்சியே அவள் கலைப்பிரிவை நாடியவள்.

அவ்வச்சத்தை ஊட்டியோர் யார்? "கணக்கு வராதவர் கலை படிக்கட்டும்" என்று கூறிவரும் ஆசிரியராகிய நாமே அன்றோ? பட்டத்தின் பெயரை ஆராயுமுன் அவ்வாசகத்தை நம் வகுப்பறைகளிலிருந்து அகற்றுவோமாக.