ஆயாக்கொட்டகையும் நேர்முகத் தேர்வும்

குழந்தைப் பராமரிப்பு மையத்தில் விடுமுறை வேலைக்கு நேர்முகத் தேர்வு என்றதும் என் தோழிகள் சிரித்தார்கள். "பிள்ளை பார்க்கிற வேலைக்கு என்னடி தயாரிப்பு? குழந்தைகள் என்றால் உயிர் என்று சொல், போதும்" என்றார்கள். நானும் அந்த ஒரு வரியை மலாயிலும் ஆங்கிலத்திலும் மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

மையத் தலைவி கேட்டதோ வேறு. "ஒரு வயது நிரம்பாத குழந்தைகள் நால்வர். உடன் வேலை செய்பவர் வரவில்லை. என்ன செய்வாய்?" "நானே சமாளித்துக்கொள்வேன்" என்றேன் பெருமையாக. வேலை கிடைக்கவில்லை.

பிறகுதான் படித்துப் பார்த்தேன். நம் நாட்டில் 1984ஆம் ஆண்டிலிருந்தே குழந்தைப் பராமரிப்பு மையங்களுக்கென ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்றால் ஒரு பராமரிப்பாளருக்கு மூவர்; ஒன்று முதல் மூன்று வயது வரை ஐவர்; மூன்று முதல் நான்கு வயதினர் என்றால் பத்துப் பேர். நான்காவது குழந்தையை நானே பார்த்துக்கொள்வேன் என்று சொன்னது விதிமீறல். உடனே தலைவியிடம் சொல்லி இன்னோர் ஆளை வரவழைப்பேன் என்பதே சரியான பதில். கைக்குழந்தையை மல்லாத்திப் படுக்க வைக்க வேண்டும், தொட்டிலில் தலையணையோ பொம்மையோ கூடாது என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

என் பாட்டி தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர். பால்மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் விடியுமுன் விட்டுப்போகும் குழந்தைகள் அத்தனையும் அவர் பொறுப்பு. அவரை யாரும் நேர்முகத் தேர்வுக்கு அழைத்ததில்லை. என் தோல்வியைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "பிள்ளைய யாரு கொண்டாந்து விட்டான்னு பாக்காத ஆயி, யாரு வந்து தூக்குறான்னு பாரு." பெற்றோர் குறித்துக் கொடுத்தவரைத் தவிர வேறு எவரிடமும் குழந்தையை ஒப்படைக்கக் கூடாது என்று இன்று பயிற்சியில் சொல்வதும் இதைத்தான்!

வங்கி வேலைக்கும் அரசாங்க வேலைக்கும் பட்டறை நடத்துகிறோம். இந்த வேலையை மட்டும் 'சும்மா' என்று ஒதுக்குகிறோம். படித்த பெண்ணுக்கு இது இழுக்கு என்னும் எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஒத்துக்கொண்டால் என்ன?

இரண்டாவது மையத்தில், "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார்கள். "வீட்டில் தமிழ் மட்டும் பேசும் இரண்டு வயதுப் பிள்ளை 'வயிறு வலிக்குது' என்று அழுதால் இங்கே யாருக்குப் புரியும்?" என்று கேட்டேன். அங்கிருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.