சோள நாட்டில் ஒரு பந்தி

சோழ நாட்டில் பிறந்து, காவேரி ஜலத்தைக் குடித்து வளர்ந்த நாம், சென்ற ஆடி மாதத்தில் சோள நாட்டுக்குப் போய் வந்தோம். சோள நாடு என்று நாம் குறிப்பிடுவது மெக்ஸிகோ தேசத்தை. நமது சகோதரியின் குமாரன் அத்தேசத்தின் தலைநகரில் இஞ்சினீயராக இருக்கிறான். "மாமா, ஒரு தடவையாவது வந்து பாருங்கள்" என்று நாலு வருஷமாக அவன் சொல்லிக்கொண்டிருந்தான். தலைமை ஆசிரியரிடம் மன்றாடி ஒரு மாத ரஜா பெற்றுப் புறப்பட்டோம். அங்கே பார்த்த பழைய கோயில்களைப் பற்றிப் பிறகு எழுதலாம். முதலில் வயிற்றைப் பற்றிய விஷயம்.

தலைநகருக்குத் தென்கிழக்கே, மலைகளின் நடுவே, வஹாக்கா என்னும் பழைய பட்டணம் இருக்கிறது. அங்கே சந்தைக்கு அருகிலுள்ள ஒரு சந்தில், பிற்பகல் இரண்டு மணிக்கு, மருமான் நம்மை ஒரு "ஃபோண்டா"வுக்கு அழைத்துச் சென்றான். நம் ஊர்ப் போண்டாவுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. குடும்ப ஸ்திரீ ஒருத்தி தன் கையாலேயே சமைத்து, அக்கம்பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியான்னச் சாப்பாடு போடும் சிறு கடைக்கு அந்நாட்டில் அப்படிப் பெயர். ஆறு மேஜைகள், அவற்றின் மேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, சுவரில் குவாதலூப் மாதாவின் படம், வாசலில் ஒரு கரும்பலகை. இருபது வருஷமாகக் கரும்பலகையோடு மன்றாடும் நமக்கு, அதைக் கண்டால் எழுத்துப் பிழை தேடத் தோன்றும். ஸ்பானிஷ் பாஷை தெரியாததால் அந்த அம்மாள் தப்பித்தாள்.

பலகையில் எழுதியிருந்ததை மருமான் படித்துச் சொன்னான். முதலில் ஒரு சூப்பு. அடுத்தது "உலர்ந்த சூப்பு". அதன் பிறகு ஏதாவது ஒரு மாமிசக் குழம்பு. கூடவே "டோர்ட்டியா" என்னும் மக்காச்சோள ரொட்டியும், குடிப்பதற்கு ஒரு பானமும். எல்லாம் சேர்ந்து சுமார் 100 பேஸோ. உலர்ந்த சூப்பு என்பது யாதாயிருக்கும் என்று நேயர்கள் சற்று யோசித்துப் பார்க்கட்டும். தக்காளியில் வெந்த அரிசிச் சாதந்தான்! நாம் தெய்வமாக மதிக்கும் அன்னத்தைக் கொண்டுபோய்ச் சூப்பு ஜாதியில் சேர்த்துவிட்டார்களே என்று சிறிது வருத்தமாகவே இருந்தது.

ஆனால் ஒரு வழக்கம் நமக்கு மிகவும் பிடித்தது. சாப்பிட்டு எழுந்து போகிறவர்கள், முன்பின் அறியாத மற்றவர்களைப் பார்த்து, "ப்ரொவெச்சோ" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சாப்பாடு உங்கள் உடம்பில் நன்றாக ஒட்டட்டும் என்று அர்த்தம் செய்துகொள்ளலாம். நம் ஊர் ஹோட்டலில் இடத்துக்காகக் காத்திருப்பவர் நம் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, இன்னும் எத்தனை கவளம் பாக்கி என்று எண்ணுவது ஞாபகத்துக்கு வந்தது.

இனி நமது கஷ்டத்துக்கு வருவோம். நாம் மாமிசம் புசியாதவர். தலைநகரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் "மாமிசம் வேண்டாம்" என்று சொன்னதற்கு, துண்டுகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு அதே குழம்பைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆகவே இங்கே மருமான் எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டான். அந்த அம்மாள் விரல் மடக்கிச் சொன்னாள்: சூப்பு கோழி வேகவைத்த தண்ணீர், அரிசி வெந்ததும் அதே தண்ணீரில்தான், அவரைப் பயறு தாளித்தது பன்றிக் கொழுப்பில். பொய் சொல்லி நமக்குப் போட்டிருக்கலாம், அவள் சொல்லவில்லை. நாம் எழுந்து கும்பிட்டோம். அவள் "இருங்கள்" என்று ஜாடை காட்டிவிட்டு உள்ளே போய், தன் மகளோடு ஏதோ ஆலோசித்துத் திரும்பி வந்தாள்.

"வீட்டுக்கென்று வைத்தது கொஞ்சம் இருக்கிறது. கொடியும் பூவுந்தான். ஏழைகள் சாப்பாடு. தூர தேசத்திலிருந்து வந்த வாத்தியார் ஐயாவுக்கு அதை எப்படிப் போடுவது என்று வெட்கமாயிருக்கிறது" என்று மெதுவாகச் சொன்னாள்.

வந்தது ஒரு மண் கிண்ணம். பூசணிக் கொடியின் இளந்தளிர், பூசணிப் பூ, பிஞ்சு, வட்டவட்டமாக நறுக்கிய மக்காச்சோளக் கதிர், மழைக்காலத்தில் முளைக்கும் "செப்பில்" என்ற ஒரு கீரை, உப்பு. அவ்வளவே. எலுமிச்சம்பழம் பிழிந்து, பக்கத்தில் வைத்த மிளகாய்த் துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். இரண்டாவது கிண்ணம் நாமே கேட்டு வாங்கிக்கொண்டோம். மருமான் என்ன சாப்பிட்டான் என்பதை, இப்பத்திரிகை நமது சகோதரியின் வீட்டுக்கும் போவதால், எழுதாமல் விடுகிறோம்.

குடிப்பதற்குக் கொடுத்தது புளித் தண்ணீர்; ஏறக்குறைய நம் பானகம். புளி நம் பக்கத்திலிருந்து அங்கே போனது. மிளகாய் அங்கிருந்து போர்த்துகீசியர் மூலம் இங்கே வந்தது. கொடுக்கல் வாங்கலில் நமக்கே லாபம் என்று தோன்றுகிறது.

சாப்பாட்டுக்குப் பின் சமையலறையைப் பார்க்க அனுமதி கேட்டோம். மூலையில் நம் அம்மியும் குழவியும் இருந்தன! அவர்கள் அம்மிக்கு மூன்று கால். சற்றே சரிந்து நிற்கும். பெண்கள் மண்டியிட்டு அரைக்கிறார்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டு, கழுவித் தோல் நீக்கி அரைத்த மாவைத்தான் ரொட்டியாகத் தட்டி மண் சட்டியில் சுடுகிறார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் நமக்கு இது ஆச்சரியமல்ல. ஆனால் ஐரோப்பியர் மக்காச்சோளத்தை எடுத்துச் சென்றபோது சுண்ணாம்பை அங்கேயே விட்டுவிட்டார்கள். அதன் பலன், அதையே தின்று பிழைத்த இத்தாலிய ஏழைகளைப் "பெல்லக்ரா" என்ற கொடிய தோல் நோய் பீடித்தது. தானியத்திலுள்ள ஒரு வைட்டமினை உடம்பு ஏற்கும்படி விடுவிப்பது சுண்ணாம்புதான் என்று விஞ்ஞானிகள் கண்டது இருபதாம் நூற்றாண்டில். அம்மிக்கு முன் மண்டியிட்ட பெண்கள் அதை ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் செய்து வந்திருக்கிறார்கள்.

பன்றியும் பன்றிக் கொழுப்பும் 1519-க்குப் பிறகு ஸ்பானியரோடு வந்தவை. அப்படியானால், விற்பனைக்கு ஆகாது என்று அந்த அம்மாள் வெட்கப்பட்ட கிண்ணந்தான் அத்தேசத்தின் பழைய சாப்பாடு. வெட்கம் எங்கிருந்து வந்தது? 1899-ல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற மெக்ஸிகோ அறிஞர் ஒரு புத்தகம் எழுதினார். மனித குலத்தைக் கோதுமை தின்பவர், அரிசி தின்பவர், மக்காச்சோளம் தின்பவர் என்று மூன்றாகப் பிரித்து, கோதுமைக்காரருக்கே முன்னேற்றம் உண்டு என்று தீர்ப்பளித்தார். தம் ஜனங்களோடு நம்மையும் சேர்த்தே பரீட்சையில் தவறவைத்துவிட்டார்! 1910-ல் சுதந்திரப் போரின் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியபோது, அரசாங்க விருந்துகளில் பரிமாறியது பிரெஞ்சுச் சமையல். சுதந்திரப் போர் தொடங்கி நூறு வருஷமாகியும் நாக்குக்கு விடுதலை கிடைக்கவில்லை.

அடுத்த தலைமுறையில் காற்று மாறியது. நம் தேசத்துக் கதர் கட்சி வீரர் பாண்டுரங்க கான்கோஜே, அந்நிய ஆட்சிக்குத் தப்பி 1920-களில் மெக்ஸிகோ சேர்ந்து, சாபிங்கோ விவசாயக் கல்லூரியில் ஆசிரியராகி, அதே மக்காச்சோளத்தை ஆராய்ந்தார். தியேகோ ரிவேரா என்ற புகழ்பெற்ற சித்திரக்காரர், தலைநகரின் கல்வி இலாகாக் கட்டிடச் சுவரில், எளிய ஜனங்களின் பந்தியில் அமர்ந்து ரொட்டியைப் பிட்டுக் கொடுப்பவராக அவரை எழுதியிருக்கிறார்.

இன்றும் வழக்கு தீர்ந்தபாடில்லை. 1994-ன் வியாபார ஒப்பந்தத்துக்குப் பிறகு அமெரிக்க மக்காச்சோளம் மலிவாக வந்து குவிய, சிறு குடியானவர் பலர் நிலத்தை விட்டார்கள். மரபணு மாற்றிய மக்காச்சோளத்தை டோர்ட்டியா மாவில் சேர்க்கலாகாது என்று மெக்ஸிகோ விதித்த தடை செல்லாது என 2024 டிசம்பரில் ஒரு மத்தியஸ்தக் குழு சொல்லியது. 2025 மார்ச்சில் மெக்ஸிகோ, அத்தகைய விதையைத் தன் மண்ணில் விதைக்கக் கூடாதென்று அரசியல் சட்டத்திலேயே எழுதிக்கொண்டது.

பிறர் வெட்கத்தைப் பற்றி இவ்வளவு எழுதிய பிறகு நமது வெட்கத்தையும் சொல்லிவிடுகிறோம். நமது தாயார் தருமபுரிப் பக்கத்தில் பிறந்தவள். நாம் கலாசாலை விடுதியில் இருந்த காலத்தில், முருங்கைக் கீரை போட்ட கேழ்வரகு அடையை வாழை இலையில் கட்டி, ஊரிலிருந்து வருகிறவர் கையில் கொடுத்தனுப்பினாள். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அரிசிக்காரர்கள். பொட்டலத்தைப் பிரிக்காமலே பின்புற ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, "அடை மிகவும் ருசியாயிருந்தது" என்று கடிதம் எழுதினோம். அவள் மறு மாதமும் அனுப்பினாள்.

வஹாக்காவில் தங்கிய மூன்று நாளும் அந்த ஃபோண்டாவுக்கே போனோம். மூன்றாம் நாள் கரும்பலகையின் அடியில் புதிதாக ஒரு வரி காணப்பட்டது. மருமான் படித்துவிட்டுச் சிரித்தான். "கொடி சூப்பு, மாமா! விலை கூடப் போட்டிருக்கிறாள்." முதல் நாள் பக்கத்து மேஜையில் இருந்த இரண்டு கொத்தனார்கள், வெளிநாட்டார் தின்றது எங்களுக்கு ஏன் இல்லை என்று சண்டை பிடித்தார்களாம்.

நாம் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை, பானை காலி. உப்புத் தூவிய டோர்ட்டியாவையும் மிளகாய்த் துவையலையும் தின்றுவிட்டு எழுந்தோம். வாசலைத் தாண்டுமுன் திரும்பி, நமக்குத் தெரிந்த ஒரே ஸ்பானிஷ் வார்த்தையை அந்தப் பந்தியை நோக்கி உரக்கச் சொன்னோம். கொத்தனார்கள் இருவரும் கிண்ணத்திலிருந்து தலை நிமிர்ந்து பதில் சொன்னார்கள்.