கோல்ஃப் மைதானத்தில் சாய்ந்து நிற்கும் அபாய மரங்களைப் பருவமழைக்கு முன் அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
கோல்ஃப் மைதானத் தொழிலாளர் சங்கம்,
நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

நகல்: மாவட்ட வன அலுவலர்; வருவாய்க் கோட்டாட்சியர்; மைதான நிர்வாகம்.

பொருள்: சாய்ந்த கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களையும் சீகை (வாட்டில்) மரங்களையும் கூட்டாய்வு செய்து, அபாயமானவற்றை அகற்ற அனுமதி வழங்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

மைதானத்தில் புல் வெட்டுவோர், கேடிகள், தோட்டக்காரர்கள், இரவுக் காவலர்கள் ஆகியோர் சேர்ந்த சங்கம் எங்களுடையது. மழை வலுத்தால் ஆட்டக்காரர்கள் கிளப் கட்டடத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பையோடு பாதி வழியில் நிற்கும் கேடிக்கும், புல்வெட்டும் இயந்திரத்தை விட்டு நகர முடியாதவருக்கும் மரத்தடிதான் ஒதுங்குமிடம். அந்த மரங்களே இன்று எங்களை அச்சுறுத்துகின்றன.

சென்ற ஆடிக் காற்றில், நாங்கள் தினமும் நடக்கும் பாதையின் குறுக்கே ஒரு பெரிய கற்பூர மரம் வேரோடு சாய்ந்தது. தேநீர் வேளையானதால் பாதையில் ஆள் இல்லை. விழுந்த மரத்தை அறுக்க அன்று மாலையே மின்வாள் வந்தது. ஆனால் அந்த மரத்தைக் காட்டி நாங்கள் எழுதிக் கொடுத்ததோ பல மாதங்களுக்கு முன்பு.

அனுமதியின்றி மரம் வெட்டக் கூடாது என்னும் தமிழ்நாடு மலைப்பகுதி (மரங்கள் பாதுகாப்பு) சட்டம், 1955 இந்த மலையைக் காப்பாற்றிய சட்டம். அதைத் தளர்த்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. சாய்ந்த மரம் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்க்கவும் சொல்லவில்லை. வெளிச்சத்தைத் தேடிச் சிறு வயதிலேயே வளைந்த மரம், பிறகு நுனியை நிமிர்த்திக்கொண்டு அந்தச் சாய்வுக்கேற்ப வேரையும் அடிமரத்தையும் பலப்படுத்திக்கொள்கிறது. அப்படிப்பட்டவை அநேகமாக இன்னும் பல்லாண்டுகள் நிற்கும். நேராக வளர்ந்து அண்மையில் சாய்ந்த மரம் வேறு. அதன் நுனி நிமிர்ந்திருக்காது. அடி முதல் நுனி வரை ஒரே கோடாகச் சாய்ந்திருக்கும். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் மேடிட்டு வெடித்திருக்கும், வேர் மேலெழும்பியிருக்கும். அடிமரத்தில் காளான் தட்டுகள் முளைத்திருக்கும். தட்டினால் பொந்து ஓசை கேட்கும். இந்த அடையாளங்கள் உள்ள மரங்களையே படம் எடுத்து, இடம் குறித்து, இணைப்பில் தந்துள்ளோம்.

வடிகாலுக்கும் நீர்க்குழாய்க்கும் பள்ளம் தோண்டியபோது பல மரங்களின் பக்க வேர்கள் அறுபட்டன. புல்லுக்கு அடிக்கடி நீர் பாய்ச்சும் இடத்தில் வேர் ஆழம் போவதும் குறைவு. இவற்றுடன் மழையும் காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் அறியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 91 செ.மீ. மழை கொட்டியது. அவ்வளவு மழைகூட வேண்டாம். மண் ஊறியபின் வீசும் ஒரு பலத்த காற்று போதும்.

ஆகவே, வனத்துறை, வருவாய்த்துறை, மைதான நிர்வாகம், எங்கள் சங்கம் ஆகிய நான்கு தரப்பும் 15 நாட்களுக்குள் கூட்டாய்வு செய்ய உத்தரவிட வேண்டுகிறோம். ஆட்டம் தொடங்கும் டீ, குழியுள்ள கிரீன், நடைபாதை, பொதுச்சாலை, குடியிருப்பு ஆகியவற்றின் மேல் விழக்கூடிய மரங்களுக்கு முதலில் அனுமதி தர வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத மூலையில் சாய்ந்த மரம் காத்திருக்கலாம். பறவைக் கூடு உள்ளதா என்று பார்த்தபின்பே வெட்டட்டும்.

வெட்டும் வேலையை எங்கள் தோட்டக்காரர்கள் தலையில் கட்டக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். சாய்ந்த மரத்தின் தண்டு ஒரு பக்கம் இழுவிசையில் நிற்பதால், தவறாக அறுத்தால் நெடுக்காகப் பிளந்து அறுப்பவர் மீதே எகிறும். கயிறு கட்டி, மேலிருந்து துண்டு துண்டாக இறக்கத் தெரிந்த பயிற்சி பெற்றவர்கள், தலைக்கவசத்துடன், அதற்குரிய காப்பீட்டுடன் செய்ய வேண்டிய வேலை இது. செலவு நிர்வாகத்தைச் சேர்ந்தது.

மரங்கள் அகற்றப்படும் வரை அவற்றைச் சுற்றிக் கயிறு கட்டி எச்சரிக்கைப் பலகை வைக்கவும், பலத்த காற்று அறிவிப்பு வந்த நாளில் ஆட்டத்தை நிறுத்தி அன்றைய கூலியைப் பிடிக்காமல் தரவும், மைதானத்தின் நடுவே மழைக்கு ஒதுங்கக் கொட்டகைகள் அமைக்கவும் நிர்வாகத்துக்கு அறிவுறுத்த வேண்டுகிறோம்.

கற்பூர மரமும் சீகையும் இந்த மண்ணுக்கு உரியவை அல்ல; 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து வைத்தவை. கற்பூரம் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். சீகை வேரிலிருந்தும் விதையிலிருந்தும் பரவும். வெட்டியபின் இவற்றைக் கண்காணித்து, சரிவுகளில் நாவல், காட்டுப்பூவரசு போன்ற சோலை மரங்களை நட்டால், அவற்றுக்கு நீர் ஊற்றி வளர்க்கும் பொறுப்பை எங்கள் சங்கம் ஏற்கும்.

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில் தொடங்குகிறது. மே மாதம் முடிவதற்குள் முதற்கட்ட மரங்களை அகற்ற ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.

இணைப்பு: மரங்களின் பட்டியல், வரைபடம், புகைப்படங்கள், முன்பு அளித்த மனுவின் நகல்.