முகத்தைப் பார்க்காதீர்கள்!

கோரிமேட்டில், திண்டிவனம் போகும் சாலையோரம் நான் வாடிக்கையாக டீ குடிக்கும் கடை ஒன்று உண்டு. ஜிப்மரில் படுத்திருக்கும் நோயாளிகளின் உறவினர்கள், பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள், பென்ஷன் வாங்கிக்கொண்டு பொழுது போகாமல் தவிப்பவர்கள், என்னைப்போல் எழுதாமல் இருப்பதற்குச் சாக்குத் தேடுகிறவர்கள் எல்லாரும் அங்கே கூடுவோம். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் காலை, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாத்தீங்களா சார், இந்த அக்கிரமத்தை?"

பார்த்தேன். ஒரு குழந்தையின் படம். அதை நான் இங்கே வருணிக்கப் போவதில்லை. ஏன் வருணிக்கப் போவதில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. படத்துக்குக் கீழே, 'இந்தப் பாவி அகப்படும் வரை பகிருங்கள். பகிராதவன் மனிதனே அல்ல' என்று எழுதியிருந்தது. நம் தலைமையாசிரியர் மனிதர். ஆகவே நாற்பது பேருக்கு அனுப்பியிருந்தார்.

அப்போது டீயைக் கொண்டுவந்து வைத்த மாஸ்டர், தலையைச் சாய்த்து ஒரு விநாடி பார்த்தார். குழந்தையைப் பார்க்கவில்லை. குழந்தைக்குப் பின்னால், சமையல் மேடையின் மூலையில் கிடந்த ஒரு பால் பாக்கெட்டைப் பார்த்தார்.

"இது நம்ம பக்கம் இல்ல சார். பாண்லேயும் இல்ல, ஆவினும் இல்ல. இது நந்தினி. ஓசூர்ல நாலு வருஷம் டீ போட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? பெங்களூர்ப் பக்கமா இருக்கணும்."

சொல்லிவிட்டு அடுத்த கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

கோரிமேடு எல்லையூர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் இரண்டு ராஜ்யங்கள் இங்கே முட்டிக்கொண்டு நின்றன. 1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கைமாறியது. ஆனாலும் எல்லை அழியவில்லை. அது பால் பாக்கெட்டில் இருக்கிறது. இந்தப் பக்கம் பாண்லே, அந்தப் பக்கம் ஆவின். ஆகவே, பாக்கெட்டைப் பார்த்து ஊரைச் சொல்வது எங்கள் டீ மாஸ்டருக்குச் சாமர்த்தியமே அல்ல, பிழைப்பு. ஒரு பாக்கெட்டைக் கொண்டு ஊரைத் தீர்மானித்துவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். நந்தினிப் பால் கர்நாடகத்துக்கு வெளியேயும் விற்கிறது. ஆனாலும் அது ஒரு நூலின் நுனி. இரண்டு நாளாக அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் கலங்கிய தலைமையாசிரியருக்கு அந்த நுனி தென்படவில்லை. அவர் அனுப்பிய நாற்பது பேருக்கும் தென்படவில்லை. எனக்கும் தென்படவில்லை, நாவல் எழுதுகிறவன் என்று பெயர் எனக்கு!

ஏன் தென்படவில்லை? நாங்கள் எல்லாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் உலகத்தைக் கொஞ்சம் பாருங்கள். 2017 ஜூன் முதல் தேதி, ஹாலந்து தேசத்துத் தி ஹேக் நகரிலுள்ள யூரோபோல் என்ற ஐரோப்பியப் போலீஸ் அமைப்பு ஒரு காரியம் செய்தது. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் அவர்களிடம் குவிந்து கிடக்கின்றன. எந்த ஊர், எந்த வீடு என்று தெரியாமல் எல்லா வழியும் அடைபட்டுப் போனவை பல. அந்தப் படங்களிலிருந்து குழந்தையை அடியோடு நீக்கிவிட்டு, பின்னால் தெரியும் ஒரு பை, ஒரு பாட்டில், ஒரு திரைச்சீலை, சுவர்க் காகிதத்தின் ஒரு துண்டு, இவற்றை மட்டும் வெட்டியெடுத்து ஊரார் முன் வைத்தார்கள். 'இதை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்டார்கள். பெயர் சொல்லாமலே பதில் சொல்லலாம். பல தேசத்து மனிதர்கள் ஆயிரக்கணக்கில் பதில் சொன்னார்கள். அதனால் மீண்ட குழந்தைகள் உண்டு. அகப்பட்ட குற்றவாளிகளும் உண்டு.

அதற்கு முன்பே நடந்த இன்னொன்று. 2011-ல் டென்மார்க் போலீஸார் இணையத்தில் ஒரு சிறுமியின் படத்தைக் கண்டார்கள். அவளுக்குத் தீங்கு நேரப்போகிறது என்பதும் அதோடு தெரிந்தது. எந்த ஊர்ப் பெண்? தெரியாது. அவள் உட்கார்ந்திருந்த காரின் ஜன்னலுக்கு வெளியே சாலைப் பலகை ஒன்றின் சிறு பகுதி தெரிந்தது. மஞ்சள் நிறச் சூரியகாந்திப் பூ. அந்தப் பூப்போட்ட பலகை அமெரிக்காவின் கான்ஸாஸ் மாநில நெடுஞ்சாலைகளுக்கு உரியது. அமெரிக்க அதிகாரிகள் சாலை சாலையாகக் காரோட்டிப் போய் அந்த இடத்தைக் கண்டுபிடித்து, 11 வயதான அந்தப் பெண்ணை மீட்டார்கள். ஒரு பூ காப்பாற்றிய உயிர் அது. அந்தச் சாலைகளில் லாரி ஓட்டும் ஒருவனைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பான்.

அமெரிக்காவிலேயே 2016-ல் வேறொரு ஏற்பாடு வந்தது. ஹோட்டலில் தங்கும் பிரயாணிகள் தம் அறையைப் படம் எடுத்து அனுப்பினால், கட்டில், கம்பளம், திரை எல்லாம் ஒரு கிடங்கில் சேரும். விற்கப்படும் பெண்களையும் குழந்தைகளையும் அறைகளில் வைத்துப் படமெடுக்கிறவர்கள் உண்டல்லவா? அந்த அறை எது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். சனி, ஞாயிறு வந்தால் லாட்ஜ் அறைகள் நிரம்பி வழியும் புதுச்சேரிக்கு இது அந்நியச் சங்கதியா?

"இதெல்லாம் வெள்ளைக்கார தேசத்து வியாதி, நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். 2021 நவம்பரில் சி.பி.ஐ. இந்தியாவில் 70-க்கும் மேற்பட்ட இடங்களில் சோதனை போட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 80-க்கும் மேல். அடுத்த ஆண்டு மறுபடியும் சோதனை. அதே 2022-ல், இன்டர்போல் வைத்திருக்கும் சர்வதேசப் படக் கிடங்கோடு சி.பி.ஐ. தன்னை இணைத்துக்கொண்டது. வியாதி நம் வீட்டுக்குள் இருக்கிறது.

நம் வீட்டு அடையாளம் நமக்கல்லவா தெரியும்? படத்தின் ஓரத்தில் சிவப்புத் தொப்பியின் விளிம்பு ஒன்று தெரிந்தால், 'இது புதுச்சேரிப் போலீஸ்காரர் தொப்பி' என்று எங்கள் ஊர்ச் சிறுவன்கூடச் சொல்வான். லியோன் நகரத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு அது எப்படித் தெரியும்? பள்ளிச் சீருடையின் கட்டம், பஸ்ஸின் வர்ணம், அரிசிப் பையின் முத்திரை, சுவர்க் காலண்டரில் போட்டிருக்கும் ஜவுளிக்கடைப் பெயர்: இவையெல்லாம் நம் கண்டக்டருக்கும் தையற்காரருக்கும் மளிகைக்கடைப் பையனுக்கும் தெரிந்த பாஷை. அவர்களைக் கேட்பார் இல்லை. பொருளை மட்டும் வெட்டி எடுத்துத் தமிழில் 'இது எங்கே?' என்று கேட்கும் ஒரு பக்கத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. சி.பி.ஐ.யும் மாநிலப் போலீஸும் அதைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் இந்தக் கட்சியைச் சொல்ல எனக்குப் பயமாகவும் இருக்கிறது. ஏனென்றால், நம் கூட்டத்தை எனக்குத் தெரியும்.

2018-ல் குழந்தை பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள் என்று கைப்பேசிகள் அலறின. அந்த ஆண்டு மே 9-ந் தேதி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கோவிலுக்குப் போகும் வழியில் காரை நிறுத்தி, தெருக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊர் கூடி அடித்தே கொன்றது. அவருக்கு வயது 65. அந்தக் காலத்தில் இந்தியாவெங்கும் சுற்றிய ஒரு படக்காட்சியில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில், பெற்றோரை எச்சரிப்பதற்காக எடுக்கப்பட்ட படம். கடைசியில் பையனைத் திருப்பி விட்டுவிடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ கத்தரித்துவிட்டு உலவவிட்டார்கள். அதைப் பார்த்த லட்சோப லட்சம் பேர் 'இது எந்த ஊர்?' என்று தங்களையே ஒரு முறை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை, கோபப்பட்டார்கள், அனுப்பினார்கள்.

ஆகவே, கூட்டத்தின் கண் வேறு, கூட்டத்தின் கை வேறு. கண் காப்பாற்றும், கை கொல்லும். யூரோபோல் செய்ததன் புத்திசாலித்தனம் இதுதான்: கூட்டத்திடம் கண்ணை மட்டும் கடன் கேட்டது. யார் குற்றவாளி என்று கேட்கவில்லை. இந்தப் பை எங்கே விற்கிறது என்று கேட்டது. கையில் கல் எடுக்க அங்கே இடமே இல்லை.

இனி, பகிர்கிறவர்களிடம் வருகிறேன். உங்கள் இரக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நீங்கள் பகிர்வது எதை? குற்றவாளியின் முகத்தையா? அவன்தான் படத்துக்குள்ளேயே இல்லையே! படமெடுத்தவன் அவன். நீங்கள் ஊர் ஊராகக் கொண்டுபோவது அந்தக் குழந்தையின் அவமானத்தை. நாளை அது பிழைத்து வளர்ந்து பள்ளிக்குப் போகும்போது, அந்த முகம் அதற்கு முன்னாலேயே அங்கே போயிருக்கும். 2012-ம் ஆண்டின் போக்ஸோ சட்டம் இப்படிப்பட்ட குழந்தைகளின் பெயரையும் முகத்தையும் வெளியிடுவதைத் தடுப்பது இதனால்தான். ஆபாசப் படமாயின் அதை அனுப்புவதே குற்றம். நல்லெண்ணம் என்பது வக்காலத்து ஆகாது. அத்தகைய படத்தை அழிக்காமலும் தெரிவிக்காமலும் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

எங்கள் ஊரிலேயே 2024 மார்ச்சில் ஒரு கொடுமை நடந்தது. 9 வயதுச் சிறுமி காணாமற் போனாள். சில நாட்களில் சடலமாகக் கிடைத்தாள். தேடிய நாட்களில் அவள் படம் சுற்றியது நியாயம், அவசியம். சடலம் கிடைத்த பிறகும் சுற்றியதே, அது எதற்கு? தேடுவதற்கு என்ன மிச்சம் இருந்தது? அன்று நம் துக்கத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. அந்தக் குழந்தையிடமிருந்து அதையும் எடுத்துக்கொண்டோம்.

இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு உண்டா? தொடர்கதை எழுதுகிறவன் நான். அத்தியாய முடிவில் ஒரு குழந்தையை அழவைத்து, அடுத்த வாரம் வரை உங்களைத் தவிக்கவிட்டவன். முகத்தைப் பார்த்து உருகும் பழக்கத்தை உங்களுக்கு ஊட்டியவர்களில் நானும் ஒருவன். துப்பறியும் நாவல்களை விடிய விடியப் படித்த நீங்கள், அறுந்த பொத்தானும் பாதி எரிந்த சிகரெட்டும் எவ்வளவு பேசும் என்று அறிந்தவர்கள். அந்தக் கண்ணை நாவலோடு மூடி வைத்துவிட்டீர்களே!

அன்று டீ மாஸ்டர் சொன்னதும் தலைமையாசிரியர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு அந்தப் படம் வந்த வழியையும், பால் பாக்கெட் விஷயத்தையும் 1098-ல் சொன்னார். தாம் அனுப்பிய நாற்பது பேருக்கும் அழித்துவிடும்படி எழுதினார். அதில் சிலர் அவரைக் கோபித்துக்கொண்டார்களாம். தம் கைப்பேசியிலும் அழித்தார்.

போன வாரம் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "அந்தக் குழந்தை என்ன ஆச்சோ, தெரியலையே சார்?"

தெரியாதுதான். கதையாக இருந்தால் ஒரு முடிவு எழுதிக் கொடுத்திருப்பேன். இது கதை இல்லை. மீட்கப்பட்ட குழந்தை எந்த வீட்டில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் அதற்குக் கிடைத்த பாதுகாப்பு. தெரிந்ததைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டோம். மேற்கொண்டு கேட்க நமக்குப் பாத்தியதை இல்லை.

மாஸ்டர் டீயை வைத்துவிட்டுப் போனார். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை.