கப்பலின் நேரமும் கரையின் நேரமும்



கடந்த வாரம் நமது சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி சுற்றி வந்தது. துறைமுக மேடையில் ஒரு கணவனும் மனைவியும் பைகளைச் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். உல்லாசக் கப்பலோ கரையை விட்டு நகரத் தொடங்கிவிட்டது. மேல்தளத்திலிருந்து சிரிப்பும் கைதட்டலும் கேட்கின்றன. அதன் கீழே ஒருவர், பத்துக் கன்னியரின் உவமையைச் சுட்டி, விழித்திராதவர்களின் கதி இதுவே என்று எழுதியிருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் பலர் அதற்கு "ஆமென்" போட்டார்கள். நானும் முதலில் புன்னகைத்தேன் என்பதை மறைக்கமாட்டேன். அன்றிரவு நம் சபைத் தாயார் ஒருவர் என்னை அழைத்து, "போதகர் ஐயா, அது எங்களைக் குத்திப் போட்டதா?" என்று கேட்டார். என் புன்னகை அங்கேயே மறைந்தது. ஆகையால் இந்த வாரத் தியானத்தை அந்தப் பதிவுக்கு எதிராகவே எழுதுகிறேன். அந்தத் தாயாரும் அவருடைய கணவரும் அனுமதித்த அளவுக்கே அவர்களுடைய கதையைச் சொல்கிறேன்.

அமெரிக்காவிலுள்ள மகனைப் பார்க்கச் சென்ற அவர்களுக்கு, திருமண நாள் பரிசாக மகன் ஒரு கப்பல் பயணத்தை ஏற்பாடு செய்தார். ஜூலை மாதம், மயாமியிலிருந்து புறப்பட்டு, மெக்சிகோவின் கோசுமெல் தீவைத் தொட்டுத் திரும்பும் பயணம். தீவில் இறங்கும்போது, மாலை நாலரை மணிக்குள் அனைவரும் கப்பலில் இருக்கவேண்டும், ஐந்து மணிக்குக் கப்பல் புறப்படும் என்று சொல்லப்பட்டது. இருவரும் கைபேசியை அடிக்கொருதரம் பார்த்துக்கொண்டே கடைவீதியில் நடந்தார்கள். துறைமுகம் திரும்பியபோது கைபேசி காட்டிய நேரம் நாலு மணி பத்து நிமிடம். இருபது நிமிடம் முந்தியே வந்துவிட்டோம் என்று நன்றி சொல்லிக்கொண்டு நிமிர்ந்தார்கள். கப்பல் இல்லை, தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஐயாவின் இரத்த அழுத்த மாத்திரைகள் அதில் இருந்த அறையில் இருந்தன.

நடந்தது என்ன? மயாமியில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைக்கிறார்கள். அவர்கள் சென்ற கப்பல் புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையே பயணம் முழுவதும் வைத்திருந்தது. கோசுமெல் அமைந்துள்ள கின்டானா ரோ மாநிலமோ 2015ஆம் ஆண்டு முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. கோடைக்கென்று அங்கே கடிகாரம் நகர்வதில்லை. ஆகவே கப்பலில் ஐந்தரை மணி ஆகும்போது அந்தத் தீவில் நாலரை மணிதான். கரையில் கால் வைத்ததும் அவர்களுடைய கைபேசி உள்ளூர்க் கோபுரத்தின் அலைவரிசையைப் பிடித்து, யாரிடமும் கேட்காமல் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. கைபேசி பொய் சொல்லவில்லை. அது கரையின் உண்மையைச் சொன்னது. ஆனால் அவர்கள் போகவேண்டிய இடமோ கப்பல்.

அவர்களைப் புத்தியில்லாத கன்னியரோடு ஒப்பிட்டவர் உவமையைச் சற்று நிதானமாக வாசித்துப் பார்க்கட்டும். அந்தக் கன்னியர் எண்ணெய் எடுத்துச் செல்லாதவர்கள். அந்தக் குறை அவர்களுடையது. இவர்களோ எண்ணெயோடுதான் சென்றார்கள். மணியை மறந்து திரிந்தவர்கள் அல்லர். நிமிடந்தோறும் மணி பார்த்தவர்கள். எந்த மணி என்று மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மேலும், அந்த உவமையில் புத்தியுள்ள ஐவரும் தூங்கித்தான் போனார்கள் என்பதைக் கேலி செய்கிறவர்கள் மறக்கவேண்டாம்.

"நாங்களும் கோசுமெல் போனோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றார் இன்னொரு சகோதரர். நான் விசாரித்தேன். அவர் சென்றது டிசம்பரில். குளிர்காலத்தில் மயாமியின் நேரமும் கோசுமெலின் நேரமும் ஒன்றே. அவர் தப்பியது தம்முடைய ஜாக்கிரதையால் அன்று, நாட்காட்டியால். தமக்குச் சோதனை வராத காலத்தைத் தம்முடைய நீதியாக எண்ணிக்கொள்ளும் இந்தப் பழக்கம் நம்மிடத்தில் பெரிது. பிறர் விழுந்த இடத்தில் நாம் விழவில்லை என்றால், அந்த இடத்தில் நமக்குப் பள்ளமே இல்லாதிருந்திருக்கலாம்.

இனி, எதிர்ப்புறத்துப் பிழை. "அப்படியானால் கரையின் நேரமே நமக்கு வேண்டாம், கப்பலின் நேரம் ஒன்றே மெய்யான நேரம்" என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அதுவும் தவறு. கரையில் உங்களை அழைத்துச் செல்ல உள்ளூர் வழிகாட்டி ஒருவரை நீங்களே ஏற்பாடு செய்திருந்தால், அவர் ஒன்பது மணி என்பது அவர் ஊரின் ஒன்பது மணி. கப்பலின் ஒன்பதுக்குப் போய் நின்று, ஒரு மணி நேரம் வெயிலில் காய்ந்து, அவர் வந்தவுடன் அவரை ஏமாற்றுக்காரர் என்று ஏசுவது எந்த நியாயம்? அவர் ஊரில் அவர் நேரம் சரியானது. கப்பலில் இருக்கிறோம் என்பதற்காகக் கரையில் இருக்கிற மனிதரை அவமதிக்க நமக்கு உரிமை இல்லை.

பழைய மாலுமிகள் நம்மைவிட ஞானமுள்ளவர்கள். அவர்கள் வேண்டுமென்றே இரண்டு நேரங்களைச் சுமந்து சென்றார்கள். மேல்தளத்தில், சூரியன் உச்சிக்கு வரும் வேளையை நண்பகல் என்று குறித்தார்கள். அது அவர்கள் நின்ற இடத்தின் நேரம். உள்ளே ஒரு பெட்டியில், புறப்பட்ட நாட்டின் நேரத்தைக் காட்டும் துல்லியமான கடிகாரம் ஒன்று இருந்தது. தினமும் அதற்குச் சாவி கொடுப்பார்கள். ஆனால் இடத்துக்கு இடம் அதன் முள்ளைத் திருப்பமாட்டார்கள். அத்தகைய கடிகாரத்தை உருவாக்க ஆங்கிலேயத் தச்சர் மகனான ஜான் ஹாரிசன் தம் வாழ்நாளைச் செலவிட்டார். 1761இல் அவருடைய மகன் வில்லியம் அதை ஜமைக்காவுக்குக் கப்பலில் கொண்டுபோனார். 81 நாட்களுக்குப் பிறகு, அதன் வழக்கமான போக்கைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, பிழை ஏறக்குறைய ஐந்து விநாடி மாத்திரமே.

எதற்காக இரண்டு? இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே, தாங்கள் கடலில் எங்கே இருக்கிறார்கள் என்பதை அவர்களுக்குச் சொன்னது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. தளத்தில் நண்பகலாக இருக்கும்போது பெட்டியிலுள்ள கிரீன்விச் நேரம் மாலை நாலு மணி என்றால், கப்பல் கிரீன்விச்சுக்கு மேற்கே 60 பாகையில் இருக்கிறது. ஒரே கடிகாரத்தை வைத்திருந்தவன், அது எவ்வளவு நல்ல கடிகாரமாயிருந்தாலும், தன் இடத்தை அதைக்கொண்டு அறியமுடியாது. நம்முடைய கைபேசி அந்த வித்தியாசத்தைத்தான் நமக்குத் தெரியாமல் அழித்துவிடுகிறது. வசதி என்று நாம் கொண்டாடுவது இதைத்தான்.

பக்தியுள்ளவர்களுக்கு இப்படி நேருமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வரலாறு. மகெல்லனின் பயணக் கூட்டத்தில் எஞ்சிய விக்டோரியா என்ற கப்பல் உலகைச் சுற்றிக்கொண்டு 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளை அடைந்தது. கப்பலில் இருந்த பிகஃபெட்டா ஒரு நாளும் தவறாமல் நாட்குறிப்பு எழுதியவர். அவருடைய கணக்கில் அன்று புதன்கிழமை. கரையில் இருந்தவர்களோ வியாழன் என்றார்கள். அவர் திகைத்தார். ஆனால் கணக்கில் பிழை இல்லை. மேற்கு நோக்கியே உலகைச் சுற்றியதால் ஒரு நாள் குறைந்திருந்தது. அப்படியானால் அதற்கு முந்தின ஞாயிறு என்று அவர்கள் எண்ணி ஜெபித்த நாள் கரையிலே திங்கள். கர்த்தர் அந்த ஜெபத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார் என்று நம்மில் யார் சொல்லத் துணிவோம்? உண்மையோடு எண்ணியவனும் ஒரு நாள் பிந்தக்கூடும். அவனுக்கு வேண்டியது சரியான நாளைச் சொல்ல ஒரு மனிதன்.

இங்கேதான் என் வழக்கு நிற்கிறது. விழித்திருத்தல் என்பது வேகமாய் ஓடுவது அன்று. எந்த நேரத்தின்படி வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று கேட்டு அறிவதே விழித்திருத்தல். அதை அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்லக் கடன்பட்டவன். அந்தக் காணொளியில் மேல்தளத்தில் நின்று கைதட்டியவர்களைப் பாருங்கள். அவர்களுக்குக் கப்பலின் நேரம் தெரிந்திருந்தது. காலையில் அதே பாலத்தில் அந்தத் தம்பதியோடுதான் இறங்கினார்கள். ஒருவராவது, "உங்கள் கைபேசி மாறிவிடும், கவனியுங்கள்" என்று சொல்லியிருந்தால் கைதட்ட ஒன்றும் இருந்திராது. நாம் சபையாய் எந்தத் தளத்தில் நிற்கிறோம்?

இந்தக் கோடையில் பிள்ளைகளைப் பார்க்கச் செல்வோர் நம்மில் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து கப்பலேறி புக்கெட் செல்வோரும் உண்டு. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பிந்தியது, அங்கேயும் இதே கண்ணி. ஆகவே கேளுங்கள். சில கப்பல்கள் உள்ளூர் நேரத்துக்கு மாறும், சில மாறா; அதைத் தீர்மானிப்பது கப்பலே. அறைக்கு வரும் அன்றாடச் செய்தித்தாளை வாசியுங்கள். கைபேசியில் நேரம் தானாக மாறும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பலின் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். இறங்கும் வாசலில் எழுதியிருக்கும் திரும்பும் நேரத்தைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கரையில் ஒருவர் மணி சொன்னால், எந்த நேரம் என்று தாழ்மையாய்க் கேளுங்கள். அன்றைய மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

அந்தத் தம்பதி என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். துறைமுகத்தில் இருந்த கப்பல் முகவர் அவர்களுடைய கடவுச்சீட்டுகளைக் கொடுத்தார். கப்பல் ஊழியர்கள் அவற்றை அறையிலிருந்து எடுத்து அவரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றிருந்தார்கள். கடைக்காரப் பெண் ஒருத்தி அவர்களை மருந்துக்கடைக்கு அழைத்துப்போனாள். மறுநாள் விமானத்தில் மயாமி திரும்பினார்கள். அந்நிய தேசத்தில், மொழி தெரியாத ஒருத்தி கைப்பிடித்து நடத்தினாள். சொந்த சபையோ காணொளி அனுப்பியது. ஐயா இதைக் கசப்பில்லாமல்தான் சொன்னார். எனக்குத்தான் கேட்க முடியவில்லை.

அந்தப் பதிவை இட்ட சகோதரர் அதை நீக்கிவிடுவார் என்று நம்புகிறேன். "ஆமென்" போட்டவர்கள் இந்த ஞாயிறு ஆராதனைக்குக் கால்மணி முந்தி வந்து, அந்த இருவருக்கும் பக்கத்தில் உட்காருவார்களாக. நானும் வாசலிலே அவர்களுக்காகக் காத்திருப்பேன்.

கர்த்தருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக. ஆமென்.