ஒட்டுப் போட்ட படம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஸ்டூடியோவில் பிடித்த படம். தலைப்பாகை, அங்கவஸ்திரம், பிரம்பு நாற்காலி, பக்கத்தில் முக்காலியின்மேல் ஒரு பூச்சாடி, எல்லாம் அந்தக் காலத்து முறைப்படி அமைந்திருக்கின்றன. பொறுமையுள்ளவர்கள் மீசையின் ரோமங்களை எண்ணிவிடலாம். ஆனால் அவருக்கு மூன்று முழம் பின்னால் தொங்கும் திரையில் எழுதியிருக்கிற மாளிகையும் மரமும் மார்கழிப் பனியில் அகப்பட்டவைபோல் கரைந்து கிடக்கின்றன. திரை பழசாகிச் சாயம் போய்விட்டது என்றே சிறு பிராயத்தில் நினைத்திருந்தேன். கலாசாலையில் பௌதிகம் படித்த பிறகுதான், குற்றம் திரையின்மேல் இல்லை, லென்ஸின்மேல் என்று தெரிந்தது. குற்றம் என்று சொல்வதுகூடப் பிசகு. தாத்தா தனியாக முன்னே வந்து உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றுகிறதே, அது அந்த மங்கல் செய்த உபகாரம்.

இக்காலத்துப் படங்களில் இந்த உபகாரம் கிடைப்பதில்லை. கல்யாண வீட்டில் செல்போனில் எடுத்த படத்தைப் பாருங்கள். மணப்பெண்ணின் முகம் எவ்வளவு தெளிவோ, அவ்வளவு தெளிவாக அவளுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளும், தண்ணீர் பாட்டில்களும், பந்திக்கு இடம் தேடும் உறவினர்களும் காட்சி கொடுப்பார்கள். மாமாவின் உச்சந்தலையிலிருந்து மின்சாரக் கம்பம் ஒன்று முளைத்திருக்கும். எல்லாம் தெளிவாக இருக்கிற படத்தில் எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை.

இந்த மங்கலுக்கு ஜப்பானியர்கள் "பொகே" என்று பெயர் வைத்தார்கள். உலகத்துப் படக்காரர்கள் அனைவரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பொக்கை வாய்க்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும், பல் போன வாயில் சொல் மழுங்குவதுபோல் என்று வைத்துக்கொண்டால் பெயர் மறக்காது; என் மாணாக்கர்களுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

மங்கல் எங்கிருந்து வருகிறது? லென்ஸின் வாய் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. முன்னால் ஒரு மனிதர் நிற்கிறார். லென்ஸ் அவர்மேல் குவிந்திருக்கிறது. அவருக்குப் பின்னால் வெகுதூரத்தில் ஒரு விளக்கு எரிகிறது. படத்தில் அந்த விளக்கு புள்ளியாக விழாது, ஒரு வட்டத் தட்டாக விழும். அந்தத் தட்டை அவர் முகத்தோடு ஒப்பிட்டு அளந்தால், லென்ஸின் வாய் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மில்லிமீட்டர் இருக்கும். கணக்கில் இவ்வளவு சுத்தமாக வந்து விழும் விஷயங்கள் வாழ்க்கையில் சொற்பம். செல்போன் லென்ஸின் வாய் 5 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகையால் தட்டும் ஒரு கடலைப் பருப்பளவுக்குமேல் போவதில்லை. பழைய ஸ்டூடியோக் காமிராவிலோ, 12 அங்குலக் குவிய தூரமும் எஃப் 4 என்ற அளவும் உள்ள லென்ஸானால், ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள், வாய் 3 அங்குலம். மாளிகையும் மரமும் கரையாமல் என்ன செய்யும்?

"அப்படியானால் வாய் அகன்ற லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டால் போகிறது" என்பீர்கள். வாங்கலாம். என்னிடமே 85 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று உண்டு. அதன் வாய் 47 மில்லிமீட்டர். ஆனால் இந்த ஜாதி லென்ஸுக்குப் பார்வை குறுகல். முகத்தையும் தோளையும் அழகாக எடுக்கும். ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தை எடுக்காது. இடமும் வேண்டும் என்று பின்னால் நகர்ந்தால், தூரம் கூடக்கூட மங்கல் குறைந்துவிடும். அகலப் பார்வையுள்ள 28 மில்லிமீட்டர் லென்ஸை மாட்டினாலோ, அதே எஃப் 1.8-ல் அதன் வாய் 16 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடுகிறது. மனிதரை வைத்துக்கொள், அல்லது வீட்டை வைத்துக்கொள், இரண்டும் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறது காமிரா.

இந்த வழக்குக்குச் சமரசம் கண்டவர் நியூயார்க்கில் கல்யாணப் படம் எடுப்பதைத் தொழிலாகக் கொண்ட ரயன் பிரெனைஸர். தம்பதிகளை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, குறுகிய பார்வையும் அகன்ற வாயும் உள்ள லென்ஸினாலேயே முகம், கை, கால், பிறகு சுற்றிலும் சுவர், தரை, மரம், ஆகாயம் என்று துண்டு துண்டாகப் பல படங்கள் எடுத்துக்கொள்வார். பிற்பாடு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிடுவார். பார்வை விரிந்துவிடும், வாயின் அகலமோ ஒவ்வொரு துண்டிலும் இருந்தது இருந்தபடியே இருக்கும். அவர் பெயராலேயே இது பிரெனைஸர் முறை என்று வழங்குகிறது.

என் லென்ஸை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். 28 மில்லிமீட்டர் பார்வை அகலத்துக்குத் துண்டுகளை ஒட்டினால், அது எஃப் 0.6 உள்ள ஒரு லென்ஸில் ஒரே தடவையாக எடுத்த படத்துக்குச் சமானம். அப்படி ஒரு லென்ஸ் கடையில் கிடையாது. அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமான நாஸாவுக்காக ஜெர்மனியின் ஸைஸ் கம்பெனி செய்த பிரசித்தி பெற்ற லென்ஸ்கூட எஃப் 0.7தான். மொத்தம் 10 செய்தார்கள். அவற்றில் 3-ஐ ஸ்டான்லி குப்ரிக் என்ற டைரக்டர் வாங்கி, 1975-ல் வெளியான 'பாரி லிண்டன்' படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். இத்தனை துண்டுகளும் சேர்ந்தால் ஏறக்குறைய 109-க்கு 73 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு பெரிய தகடு ஆகிறது. நம் பழைய படக்காரர்கள் 'கால் பிளேட்' என்று சொன்னார்களே, அந்தக் கண்ணாடித் தகட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு! காமிராவைச் சிறிதாக்கிச் சிறிதாக்கி நாம் தொலைத்த தகட்டைத் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்க்கிறோம் என்பதுதான் சமாசாரம்.

ஒட்டுகிற வித்தை புதிதல்ல என்பதையும் சொல்லவேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-ல், அதாவது கும்பெனி ராஜ்யம் முடிந்த அதே வருஷத்தில், 21 படங்களாக எடுத்துச் சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டிவைத்தார். அவருக்கு ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழவேண்டும் என்ற கவலை. பிரெனைஸருக்கு ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மங்கவேண்டும் என்ற ஆசை. கோந்து ஒன்றுதான், காரியம் நேர் எதிர்.

செல்போனில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். 2016-ல் ஐபோன் 7 பிளஸ்ஸில் வந்தபின் 'போர்ட்ரெய்ட்' முறை எங்கும் பரவிவிட்டது. ஆளின் விளிம்பு எது என்று ஊகித்து, மற்ற இடத்தைக் கணக்குப் போட்டு மழுக்குகிறது. ஊகம் பல சமயம் சரியாகவே இருக்கும். ஆனால் நரைத்த தலைமுடியும் பிரம்பு நாற்காலியின் பின்னலும் அதற்குப் பரம விரோதிகள். பின்னலின் ஓட்டைகளுக்குள் தெரியும் சுவர் மட்டும் மழுங்காமல் பளிச்சென்று நிற்கும். என் தகப்பனாருக்கு 81 வயது. தலை முழுதும் நரை. அவர் உட்காருவது தாத்தாவின் அதே பிரம்பு நாற்காலி. எனக்கு அந்த வசதி உதவாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

சென்ற வருஷம் எங்கள் கிராமத்து வீட்டை விற்க நேர்ந்தது. பங்காளிகள் நால்வர், நால்வரும் நாலு ஊரில், ஓடு மாற்ற ஒருவரும் இல்லை. சாவி கொடுக்கவேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக அப்பாவை அழைத்துக்கொண்டு போனேன். வீட்டையும் வேண்டும், வீட்டுக்கு முன்னால் அப்பாவையும் வேண்டும், ஆனால் இரண்டும் போட்டியிடக்கூடாது. நாற்காலியைத் தெருவோரம் போட்டு, திண்ணையும் தூண்களும் திறந்த வாசலும் அவருக்கு ஆறேழு அடி பின்னால் இருக்கும்படி உட்காரவைத்தேன். நான் 13 அடி தள்ளி நின்றேன்.

"படம் எடுக்க ஒரு நொடி போதாதோ? முப்பது எடுப்பேங்கிறியே!" என்றார்.

"உங்களுக்கு ஆறே படந்தான் அப்பா. மிச்சமெல்லாம் வீட்டுக்கு."

"அப்படின்னா வீட்டை அசையாம இருக்கச் சொல்லு."

இந்த முறையில் ஜாக்கிரதை வேண்டிய இடங்கள் சில உண்டு. முகத்தில் ஒரு தடவை குவியத்தை அமைத்துவிட்டு, அதன்பின் காமிரா அதைத் தொடாதபடி பூட்டிவிடவேண்டும். வெளிச்ச அளவையும் நிறத்தின் அளவையும் அப்படியே. பூட்டாமல் விட்டால், வாசலின் இருட்டுக்கு ஒரு அளவும் வானத்தின் வெளிச்சத்துக்கு ஓர் அளவுமாகக் காமிரா தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே போகும். ஒட்டிப் பார்த்தால் கந்தல் துணி மெத்தைபோல் இருக்கும். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டின்மேல் மூன்றில் ஒரு பங்காவது படியவேண்டும். நின்ற இடத்தில் நின்று திரும்பவேண்டுமே தவிர நடக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் முதலாக, மனிதரை முதலில் எடுத்து முடித்துவிடவேண்டும். சுவர் காத்திருக்கும், மனிதர் காத்திரார்.

முதல் சுற்றில் ஆறு படமும் ஒழுங்காக வந்தன. ஏழாவதை எடுக்கும்போது எதிர்வீட்டுப் பாட்டி, "போறீங்களாமே!" என்றாள். அப்பா கை கூப்பினார். அன்றிரவு கம்ப்யூட்டரில் ஒட்டிப் பார்த்தேன். மடியில் இரண்டு கை, மார்பருகே ஒன்றரைக் கை. அப்பா வெகு நேரம் சிரித்தார். மறுநாள் காலையில் மறுபடியும் உட்கார்ந்தார். இந்தத் தடவை யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. தாத்தாவும் இப்படித்தான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நான் நினைத்தேன். அவர் என்ன நினைத்தாரோ, அவருக்குப் பின்னால் இருந்ததை அவரால் பார்க்க முடியவில்லை.

ஊருக்குத் திரும்பி ஒட்டும் வேலையில் இறங்கினேன். ஹியூஜின் என்று ஒரு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு துண்டில் உள்ள அடையாளத்தை அடுத்த துண்டில் தேடிப் பொருத்துவது அதன் வேலை. தூணையும் வாசற்படியையும் நொடியில் பொருத்திவிட்டது. சுண்ணாம்புச் சுவர் வந்ததும் திகைத்து நின்றுவிட்டது. இயற்கையிலேயே வெறும் வெள்ளை, அதிலும் மங்கல், எதைப் பிடித்துக்கொள்ளும்? சுவரில் ஒரு விரிசலும், காலண்டர் மாட்டிய ஆணியின் கறையும், தோரணம் கட்டிய கயிற்றின் துணுக்கும் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, இதுவும் அதுவும் ஒன்று என்று நானே கையால் குறித்துக் கொடுத்தேன். இரண்டு இரவு பிடித்தது. அந்தச் சுவரை என் ஆயுளில் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

கடைசியில் படம் வந்தது. அப்பாவின் சட்டைப் பொத்தானும் வேட்டிக் கரையும் தொட்டுப் பார்க்கலாம்போல் இருந்தன. பின்னால் வீடு முழுவதும் இருந்தது. கனவில் வருகிற வீடு மாதிரி இருந்தது. ஆனால் வலப்பக்க மேல்மூலையில் ஒரு கறுப்புக் கட்டம்! ஒரு துண்டை எடுக்கவே மறந்திருக்கிறேன். வீட்டின் சாவி அதற்குள் கைமாறியாகிவிட்டது.

என் மாணாக்கன் ஒருவன், "ஸார், இதற்கா கவலை?" என்று செயற்கை அறிவு என்கிறார்களே, அதை ஏவிவிட்டான். அரை நிமிஷத்தில் அந்த மூலையில் ஓடுகள் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. நிழல், பாசி, மங்கல், ஒன்றிலும் குறை சொல்வதற்கில்லை. பெருமையாகக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் முகத்தைக்கூடப் பார்க்காமல் நேரே அந்த மூலைக்குப் போனார்.

"இதை எப்போ சரி பண்ணினே? ஓடு சரிஞ்சு, கீத்து சொருகியில்ல வெச்சிருந்தோம்! எந்த மழைக்கும் ஒழுகுமே!"

அந்த ஓடுகளை எடுத்துவிட்டேன். மூலையை வெள்ளையாகவே விட்டு, படத்தை அச்சிட்டுத் தாத்தாவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் கரையான் அரித்துவிட்டதோ என்று கேட்கிறார்கள். இப்போதெல்லாம் மனிதரை எடுத்து முடித்ததும் நான்கு மூலைகளையும் எடுத்துவிட்டுத்தான் நடுவை நிரப்பத் தொடங்குகிறேன்.