புகையுண்ட நோயாளிகளின் இரத்தத்தில் விஷத்தை அளந்தறிவது குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

தீவிபத்திலிருந்து மீட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் ஒருவரின் உடலில் தீக்காயம் எத்தனை சதவிகிதம் என்று கணக்கிடுவதில் நாம் காட்டும் சிரத்தையை, அவர் சுவாசித்த புகை அவருடைய இரத்தத்தில் எவ்வளவு விஷத்தைச் சேர்த்திருக்கிறது என்று அறிவதிலும் காட்டியாக வேண்டும் என்பதே, தீக்காய சிகிச்சையிலும் அவசர சிகிச்சையிலும் ஈடுபட்டுள்ள மருத்துவர்களும் செவிலியர்களும் அடங்கிய எங்கள் சங்கம் தீர ஆலோசித்து வெளியிடும் அபிப்பிராயம். 1997 ஜூன் 13 அன்று டில்லி உப்ஹார் திரையரங்கில் மாண்ட 59 பேரிலும், 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் மாண்ட ஏறத்தாழ 90 பேரிலும் பெரும்பாலோர் நெருப்பு தீண்டாமலே மடிந்தவர்கள். கீழே பற்றிய தீ அவர்கள் இருந்த இடத்தை எட்டுவதற்கு முன்பே புகை எட்டிவிட்டது.

அந்தப் புகையில் இரண்டு விஷவாயுக்கள் பிரதானமானவை. கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் ஹீமோகுளோபினைப் பிணைத்துக்கொண்டு, இரத்தம் பிராணவாயுவைச் சுமந்து செல்லாதபடி தடுக்கிறது. கம்பளி, பட்டு, நைலான், மெத்தையிலும் சோபாவிலும் திணிக்கப்படும் பாலியுரேத்தேன் நுரை ஆகியவை எரியும்போது எழும் ஹைட்ரஜன் சயனைடோ, வந்து சேர்ந்த பிராணவாயுவையும் உயிரணுக்கள் உபயோகிக்க முடியாமல் செய்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து தாக்கும்போது உண்டாகும் அபாயம் தனித்தனியே தாக்குவதைவிடக் கொடியது.

இங்கேதான் நம்முடைய வார்டுகளில் அன்றாடம் நிகழும் ஒரு மயக்கத்தைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. மூக்குத்துவாரத்தில் கரி படிந்து, குரல் கம்மி, கேட்ட கேள்விக்குத் தடுமாறிப் பதில் சொல்லும் நோயாளியின் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டினால் அது 98 என்று காட்டும்; அதைக் கண்டு மனம் சமாதானம் அடைந்துவிடும். ஆனால் அந்தக் கருவிக்குப் பிராணவாயு ஏறிய ஹீமோகுளோபினுக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினுக்கும் வேற்றுமை தெரியாது. தமனி இரத்தத்தைப் பரிசோதிக்கும் இயந்திரங்களிலும் பல, செறிவு சதவிகிதத்தை நேரே அளக்காமல் கணக்கிட்டுச் சொல்பவையே; ஆகவே அச்சிட்டு வரும் சீட்டிலுள்ள எண்ணும் நம்பத்தக்கதன்று. மெய்யை உரைக்கவல்லது, இவ்விரு ஹீமோகுளோபின்களையும் பிரித்தளக்கும் கோ-ஆக்சிமீட்டர் ஒன்றுதான்.

ஆதலால், மூடிய இடத்தில் புகையில் அகப்பட்டு வரும் ஒவ்வொருவருக்கும், தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லாதிருந்தாலும், வந்த மாத்திரத்திலேயே முழுப் பிராணவாயுவைத் தொடங்கி, அதனுடன் கூடவே கார்பாக்சிஹீமோகுளோபின் (கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின்), லாக்டேட் இரண்டையும் அளந்தாக வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். முன்னதற்குச் சிரை இரத்தமே போதும். சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகக் குறையும் கார்பன் மோனாக்சைடு, முழுப் பிராணவாயு கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளாகவே பாதியாகிவிடுமாதலால், மீட்ட நேரம், பிராணவாயு தொடங்கிய நேரம், இரத்தம் எடுத்த நேரம் மூன்றையும் கேஸ் ஷீட்டில் குறிக்காத வரையில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எண் குறைவாக வந்ததைக் கொண்டு, மயங்கிக் கிடந்து எழுந்தவரை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவதையும் நாங்கள் ஆமோதிக்கவில்லை.

சயனைடைப் பற்றிய எங்கள் நிலை சற்றே வேறானது. இரத்தத்தில் அதை நேரடியாக அளக்கும் பரிசோதனை எளிதில் நடப்பதன்று. முடிவு கைக்கு வருவதற்குள் நோயாளியின் கதி நிர்ணயமாகிவிடும். பாரிஸ் நகரத் தீவிபத்துகளில், சம்பவ இடத்திலேயே இரத்தம் எடுத்து பாட் முதலியோர் செய்து 1991-ல் வெளியிட்ட ஆராய்ச்சி, கடுமையான தீக்காயம் இல்லாதவரிடம் லாக்டேட் லிட்டருக்கு 10 மில்லிமோலை எட்டினால் சயனைடு விஷத்தை ஊகிக்கலாம் என்று காட்டியது. பிரக்ஞை தவறி, இரத்த அழுத்தம் வீழ்ந்து, லாக்டேட் உயர்ந்து நிற்கும் நோயாளிக்கு மாற்று மருந்து கொடுக்கப் பரிசோதனைச் சாலையின் பதிலுக்காகக் காத்திருப்பது தகாது. ஆனால் மருந்துக்கு முன்பே இரத்தம் எடுத்து வைத்துவிட வேண்டும். சயனைடுக்கு மாற்றான ஹைட்ராக்ஸோகோபாலமின் செந்நிற மருந்தாகையால், அது ஏறிய பின் எடுத்த இரத்தத்தில் கோ-ஆக்சிமீட்டரின் அளவுகளே பிறழும். சயனைடுக்கு மற்றொரு மாற்றான நைட்ரைட் மருந்துகளோ ஹீமோகுளோபினை மேலும் முடக்குபவை. கார்பன் மோனாக்சைடு ஏறிய உடலில் அவற்றைப் பிரயோகிப்பதை நாங்கள் எதிர்க்கிறோம்.

புகையிலுள்ள அக்ரோலின், பென்சீன் முதலான எல்லாவற்றையும் எல்லா நோயாளிகளிடமும் அளக்க வேண்டும் என்ற யோசனையும் எங்கள் ஆலோசனைக்கு வந்தது. ஆராய்ச்சிக்கு அது மிக உகந்தது. ஆனால் சிகிச்சையை மாற்றாத அளவீட்டுக்காக ஏழை நோயாளியின் இரத்தத்தையும் பொருளையும் செலவிடுவதற்கு நாங்கள் உடன்படவில்லை.

தீயில் இறந்தவரின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு உண்டா என்று தடயவியல் சாலையில் தேடுகிறோம். உயிருடன் வந்தவரிடம் பல இடங்களில் தேடுவதில்லை. இந்த முரண்பாட்டை நீக்க, தீக்காய வார்டு உள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் அவசரப் பிரிவிலேயே ஒரு கோ-ஆக்சிமீட்டரை வைத்து, இரவிலும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரை நியமிக்க வேண்டும் என்றும், நம் நாட்டில் எளிதில் கிடைக்காத ஹைட்ராக்ஸோகோபாலமினை, வயது வந்தவருக்கு வேண்டிய 5 கிராம் அளவில், பெரிய நகரங்களிலேனும் இருப்பு வைக்க வேண்டும் என்றும் அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.